ஒன்பதாம் எண்ணின் ஏழாவது வரி

ஐம்பத்தைந்தாயிரம். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் எழுதிய நிரல் அச்சடித்த லேபிள்களின் எண்ணிக்கை இது, ஏறத்தாழ. ஒவ்வொரு லேபிளும் ஒரு பையின் மேல் ஒட்டப்பட்டது. ஒவ்வொரு பையும் ஒரு குழந்தையின் ஒரு நாள் உணவு. மாதம் நிறையாமல் பிறந்து, பாலைச் செரிக்க இன்னும் பழகாத குழந்தைகளுக்குச் சர்க்கரை, புரதம், உப்புகள், வைட்டமின்கள் எல்லாவற்றையும் மில்லி மில்லியாக அளந்து கலந்து, மெல்லிய குழாய் வழியே நேராக ரத்தத்தில் இறக்குவார்கள். யாருக்கு எது எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டுச் சொல்வது அந்த நிரல். அதனால் அந்த மருத்துவமனையில் அவருக்கு லேபிள் அக்கா என்று பெயர். வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் வேறு பெயர்.

வயது ஐம்பத்திரண்டு. கணினிப் பட்டம் எதுவும் இல்லை. இருபத்து நாலு வயதில் மருந்துக் கலவை அறைக்குத் தட்டச்சராக வந்தார். அப்போது கணக்கை மருந்தாளுநர் கையால் போடுவார். இவர் அதை லேபிளில் அடிப்பார். ஓர் எண் பிசகினாலும் முழு லேபிளையும் மறுபடி அடிக்க வேண்டும். "எனக்குச் சோம்பேறித்தனம். அவ்வளவுதான்" என்பார், நிரல் பிறந்த கதையைக் கேட்டால். ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நடந்த வகுப்பில் சேர்ந்தார். அங்கே சொல்லிக்கொடுத்த கணினி மொழி அப்போதே பழசு. வீட்டுச் சமையலறை மேசையில், காலடியில் மகள் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருக்க, பதினான்கு மாதம் உட்கார்ந்து எழுதினார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். "அந்தப் பெட்டிகிட்ட பேசுற அளவுக்கு எங்கிட்ட பேசியிருந்தா, நான் இந்நேரம் மந்திரி ஆகியிருப்பேன்" என்று அவர் அன்று சொன்னதை இன்றும் சொல்கிறார். மகள் வளர்ந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். நிரல் மட்டும் வீட்டை விட்டு வெளியேறி மருத்துவமனையின் அடித்தளத்தில், கலவை அறைக்குப் பக்கத்து அறையில் குடியிருக்கிறது.

நிரலுக்கு இரண்டு வாய். மேலே வார்டிலிருந்து டாக்டரின் குறிப்புகள் வந்ததும் கணக்குப் போட்டு, பன்னிரண்டு வரிகளைத் திரையில் காட்டும். அதே பன்னிரண்டு வரிகளை ஒரு கோப்பில் எழுதும். லேபிள் அச்சாவது கோப்பிலிருந்து.

இந்த இரண்டையும் நம்பித்தான் அந்த அறையின் வேலைமுறை. கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே கலப்பவர் உட்கார்ந்திருப்பார். கையுறை, முகமூடி, எதிரே லேபிள். தடுப்புக்கு வெளியே வாசிப்பவர், எதிரே திரை. வாசிப்பவர் பொருளின் பெயரைச் சொல்வார். கலப்பவர் லேபிளைப் பார்த்து எண்ணைச் சொல்வார். வாசிப்பவர் திரையைப் பார்த்து "சரி" என்றால்தான் ஊசி பைக்குள் இறங்கும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் கலப்பவர் இரண்டு கைகளையும் தூக்கிவிட வேண்டும். போலீஸ் பிடித்த மாதிரி.

வாசிப்பவர் கலப்பவருக்கு அண்ணி. வீட்டில் இருவருக்கும் அவ்வளவு பேச்சுவார்த்தை கிடையாது. இங்கே தினமும் மூன்று மணி நேரம் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டே ஆக வேண்டும். "அண்ணிக்கு 'சரி'ன்னு சொல்றதுக்கு இங்க சம்பளம் தர்றாங்க. வீட்டுல ஓசிக்குச் சொல்ல மாட்டாங்க" என்பது நாத்தனாரின் நிரந்தர நகைச்சுவை.

இன்னொரு பழக்கமும் உண்டு. தலைமை மருந்தாளுநர் கண்டுபிடித்தது. தினமும் ஏதாவது ஒரு பைக்கு, தன் மேசையில் உட்கார்ந்தபடியே கோப்பைத் திறந்து, ஓர் எண்ணை வேண்டுமென்றே மாற்றி வைத்துவிடுவார். எந்தப் பை, எந்த வரி என்று யாருக்கும் சொல்ல மாட்டார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கலப்பவரின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பார். திரையில் சரியான எண், லேபிளில் தவறான எண். இருவரும் கண்டுபிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஊசி இறங்கும் முன் அவரே நிறுத்துவார். பிடித்தாலும் விட்டாலும் சரியான லேபிளை அச்சடித்து வேலை தொடரும். இதற்குப் பொய்ச் சீட்டு என்று பெயர். பத்தொன்பது ஆண்டுகளில் இரண்டே முறைதான் பொய்ச் சீட்டு அவர்களை ஏமாற்றியிருக்கிறது. இரண்டு முறையும் அண்ணிக்கு ஜலதோஷம்.

ஒரு திங்கட்கிழமை மதியம், லேபிள்கள் எல்லாம் அச்சான பிறகு, பழைய கணினி புகைந்து நின்றது. கணினிப் பிரிவு மூன்று மணிக்கெல்லாம் புதியது ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. பழைய நிரல் அதில் அப்படியே ஓடாது. எழுதி வைத்த நிரலைப் புதிய கம்பைலரில் போட்டு மறுபடி உருவாக்க வேண்டும். மனிதர் எழுதியதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். லேபிள் அக்கா அதைச் செய்தார். மூன்று கற்பனைக் குழந்தைகளுக்குக் கணக்கு ஓட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார். மூன்று போதும் என்று நினைத்ததுதான் தப்பு என்று பிற்பாடு அவரே சொன்னார்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, பதினொரு குழந்தைகள். எடை குறைந்தவருக்கு முதல் பை என்பது அங்கே விதி. அன்று குறைந்தவர் ஒன்பதாம் எண் தொட்டிலில் இருந்தார். எழுநூற்று நாற்பது கிராம்.

காலை ஒன்பது நாற்பதுக்கு முதல் பை தொடங்கியது. முதல் ஐந்து வரிகளும் சரியாக வந்தன.

"சோடியம்" என்றார் அண்ணி.

"மூணு புள்ளி ரெண்டு."

"சரி. பொட்டாசியம்."

"மூணு புள்ளி ரெண்டு."

அண்ணி திரையைப் பார்த்தார். ஒன்று புள்ளி நான்கு.

"தூக்கு கையை!"

நாத்தனார் கைகளைத் தூக்கினார். முகமூடிக்குப் பின்னால் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. "என்ன சார், இன்னிக்கு முதல் சீட்டே பொய்ச் சீட்டா? நாங்க உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டீங்க."

மருந்தாளுநர் தன் மேசையில் பேனாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"நான் இன்னும் போடவே இல்லையேம்மா."

நாத்தனார் கையை இறக்கவில்லை. பொட்டாசியம் என்பது இதயத்துடிப்போடு விளையாடுகிற உப்பு. எழுநூற்று நாற்பது கிராமுக்கு ஒன்று புள்ளி நான்கு என்றால் உணவு. மூன்று புள்ளி இரண்டு என்றால் துடிப்பு தடுமாறும், நிற்கவும் கூடும்.

"லேபிள் அக்காவைக் கூப்பிடு" என்றார் மருந்தாளுநர்.

அவர் வந்து பார்த்தார். ஒன்பதாம் எண், ஏழாவது வரி. திரையில் ஓர் எண், கோப்பில் ஓர் எண். கோப்பில் இருந்தது ஆறாவது வரியின் எண். சோடியத்தின் எண் பொட்டாசியத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. மற்ற பத்து லேபிள்களும் திரையோடு ஒத்துப்போயின.

"இந்த ஒரு வரிதான் சார். கையால திருத்திடலாமா?"

"இந்த ஒரு வரிதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

லேபிள் அக்கா திரையையும் லேபிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திரை சரியா, கோப்பு சரியா? எது சரின்னு யாரு சொல்றது?" மருந்தாளுநர் கடிகாரத்தைப் பார்த்தார். மேலே தொங்கிக்கொண்டிருக்கும் நேற்றைய பைகள் மாலை நான்கு மணிக்குக் காலியாகும். பதினொரு பைகளைக் கலக்க மூன்று மணி நேரம். "மதியம் ஒரு மணிக்குள்ள நம்பற மாதிரி லேபிள் வேணும். அதுவரைக்கும் நான் கையால கணக்குப் போடறேன். ஒரு குழந்தைக்குப் போட்டு, இன்னொருத்தர் முதல்லேருந்து தனியாப் போட்டுச் சரிபார்க்க முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். ஒரு மணிக்குள்ள மூணு முடியும்."

"மீதி எட்டு?"

"சர்க்கரைத் தண்ணி."

சர்க்கரைத் தண்ணீரில் ஒரு நாள் ஓட்டிவிடலாம், உயிர் போகாது. ஆனால் மருந்துப் புட்டி அளவு இருக்கும் குழந்தைகளுக்குப் புரதம் இல்லாத ஒரு நாள் என்பது தன் தசையைத் தானே தின்னும் நாள். பிறகு அதை ஈடுகட்ட வாரங்கள் ஆகும். ஒன்பதாம் எண்ணுக்கு வாரங்கள் இருக்கின்றனவா என்பதே தெரியாது.

மேலே வார்டு சிஸ்டருக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். எந்த மூன்று குழந்தைகள் என்று அவர் சொல்ல வேண்டும்.

"எந்த மூணா?" சிஸ்டரின் குரல் ரிசீவரைத் தாண்டி அறைக்கே கேட்டது. "நான் எதுக்குங்க சொல்லணும்? பதினோரு அம்மாவும் வெளியில பெஞ்சுல உக்காந்திருக்காங்க. வந்து அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க, யாருக்கு இல்லன்னு."

டொக். வைத்துவிட்டார்.

லேபிள் அக்கா தன் அறைக்குப் போனார். ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரோரம் இரும்பு அலமாரி. அலமாரியில் பத்தொன்பது ஆண்டுப் பதிவேடுகள். ஒவ்வொரு நாளும் அச்சான லேபிளின் இரண்டாம் பிரதியை அதில் ஒட்டுவது வழக்கம். போன வியாழக்கிழமையின் பக்கத்தைத் திறந்தார். அன்றும் பதினொரு குழந்தைகள். பழைய கணினி போட்ட கணக்கு. சரி என்று தெரிந்த விடைத்தாள் அவரிடம் இருந்தது.

வியாழக்கிழமையின் குறிப்புகளைப் புதிய கணினியில் ஓட்டினார். திரை முழுக்கச் சரி. கோப்பில் பத்தாம் எண்ணின் நான்காவது வரி தப்பு. ஆக, கணக்கு சரி. எழுதுவதில்தான் கோளாறு. ஆனால் இடம் மாறுகிறது.

பிரித்து ஓட்டினார். நாலு, நாலு, மூன்று. முதல் கூட்டத்தில் ஒரு தப்பு. ஒவ்வொரு குழந்தையாக ஓட்டினார். ஒன்று சரி. இரண்டு சரி. மூன்று சரி. இது போதும்போல என்று தோன்றியபோது நான்காம் எண்ணில் ஒரு வரி தப்பியது. மணி பத்து ஐம்பது.

கைப்பேசி அடித்தது. கணவர்.

"என்ன, சாயங்காலம் வர்றப்ப..."

"இப்ப வேணாம்."

"ஒரே வார்த்தை..."

"குழந்தைங்க பை நின்னு போயிருக்கு. வைங்க."

"சரி சரி. தண்ணியாவது குடி" என்றுவிட்டு அவரே வைத்தார்.

தண்ணீர் குடிக்கவில்லை. நான்காம் எண்ணை மட்டும் மறுபடி மறுபடி ஓட்டினார். இவருக்கு மட்டும் என்ன? மற்றவர்களைப் போல இவருக்கும் பன்னிரண்டு வரிதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை மேலிருந்து கீழே பார்த்தார். பன்னிரண்டு வரிகளுக்கு நடுவே எச்சரிக்கைகள். கால்சியம் எல்லைக்கு அருகில். பாஸ்பேட் எல்லைக்கு அருகில். சர்க்கரை நேற்றைவிட அதிகம். மற்ற குழந்தைகளுக்கு ஒன்று இரண்டு. நான்காம் எண்ணுக்கு மட்டும் முப்பதுக்கு மேல். எச்சரிக்கைகள் கோப்புக்குப் போவதில்லை. திரைக்கு மட்டும்தான்.

திரையில் பேச்சு அதிகமானால் கோப்பில் எழுத்து கெடுகிறது.

நிரலின் ஒரு பிரதியை எடுத்து, திரைக்கு எழுதும் வரிகளை எல்லாம் அவசரமாக முடக்கிவிட்டு ஓட்டினார். வியாழக்கிழமையின் பதினொரு பேருக்கும் கோப்பு அச்சுப் பிசகாமல் வந்தது. எச்சரிக்கைகளை நூறாக்கித் திரையையும் சேர்த்து ஓட்டினார். கோப்பில் ஏழு வரிகள் தப்பின.

எழுத வேண்டியது எதுவானாலும் முதலில் நினைவகத்தில் ஒரு தற்காலிக இடத்தில் சேரும். நிறைந்ததும் மொத்தமாக வெளியே போகும். பழைய கம்பைலர் திரைக்கு ஒரு வாளி, கோப்புக்கு ஒரு வாளி என்று வைத்திருந்தது. புதிய கம்பைலர் வேகத்துக்காக இரண்டுக்கும் ஒரே வாளியைக் கொடுத்திருந்தது. வாளி நிறைகிற அந்த நேரத்தில் எந்த வரி பாதியில் நிற்கிறதோ, அதில் முந்தைய வரியின் எண் ஒட்டிக்கொண்டு போனது. கம்பைலர் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், அறியப்பட்ட குறைகள் என்ற நீண்ட பட்டியலின் நடுவில், இரண்டே வரியில் இது இருந்தது. அடுத்த பதிப்பில் சரியாகும் என்று போட்டிருந்தார்கள். தேதி போடவில்லை.

மணி பதினொன்று நாற்பது. கம்பைலரை அவர் திருத்த முடியாது. அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

அவருக்கு உடனே வழி தெரிந்தது. நிரல் முதலில் கோப்பை மட்டும் எழுதட்டும். எழுதி முடித்து மூடட்டும். அதற்குப் பிறகு ஒரு சின்ன நிரல் அதே கோப்பைத் திறந்து படித்துத் திரையில் காட்டட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் பேசாது. வாளிச் சண்டை இல்லை. இருபது நிமிடத்தில் எழுதி முடித்தார். வியாழக்கிழமையின் குறிப்புகளை ஓட்டிப் பதிவேட்டோடு வரி வரியாக ஒப்பிட்டார். ஒரு பிசகு இல்லை.

பன்னிரண்டு பத்துக்குக் கலவை அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "முடிஞ்சுது சார்."

மருந்தாளுநர் இரண்டாவது குழந்தையின் கைக்கணக்கில் இருந்தார். மேசை முழுக்கத் தாள்கள். எழுந்திருக்காமலே, "பதிவேட்டோட பாத்தீங்களா?" என்றார்.

"நூத்து முப்பத்திரண்டு வரியும்."

"சரி. கோப்பை எழுதிட்டுச் சொல்லுங்க. நான் என் வேலையைப் பண்ணிட்டு அச்சுக்கு அனுப்பறேன்."

இன்றைய குறிப்புகள் ஓடின. ஐந்து நிமிடத்தில் லேபிள்கள் வெளியே வந்தன. அண்ணி திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். நாத்தனார் புதுக் கையுறை மாட்டினார்.

"இந்தத் தடவையாவது ஒழுங்காப் படிங்க அண்ணி."

"நான் ஒழுங்காத்தான் படிச்சேன். கையைத் தூக்கச் சொன்னதுக்கு நன்றி சொல்ல வேண்டியவ நீ."

ஒன்பதாம் எண். சர்க்கரை, சரி. புரதம், சரி. மூன்றாவது வரி, நான்காவது வரி, எல்லாம் சரி. சோடியம் மூன்று புள்ளி இரண்டு, சரி. பொட்டாசியம் ஒன்று புள்ளி நான்கு, சரி. லேபிள் அக்கா கதவருகில் சாய்ந்து நின்று மூச்சு விட்டார்.

"கால்சியம்."

"ஆறு புள்ளி ஒண்ணு."

"சரி."

நாத்தனார் ஊசியில் ஆறு புள்ளி ஒன்று இழுத்தார். பையின் மூக்கை நோக்கிக் கொண்டுபோனார்.

"நிறுத்து."

மருந்தாளுநர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். எப்போது எழுந்து வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. "கால்சியம் ரெண்டு புள்ளி ஒண்ணு. ஆறுன்னு மாத்தினது நான்."

அண்ணி திரையில் விரலை வைத்தார். "சார், திரையிலயும் ஆறுதான் இருக்கு. வந்து பாருங்க. நான் பொய் சொல்லல."

மருந்தாளுநர் வந்து பார்த்தார். ஆறு புள்ளி ஒன்று. மெதுவாகத் திரும்பி லேபிள் அக்காவைப் பார்த்தார். "திரைக்கு எங்கேருந்து வருது?"

"கோப்புலேருந்து..." சொல்ல ஆரம்பித்தவருக்கு வாக்கியம் முடியும் முன்பே புரிந்துவிட்டது.

"அப்ப இவங்க ரெண்டு பேரும் ஒரே தாளைப் பாத்து ஒருத்தருக்கொருத்தர் தலையாட்டிக்கிட்டு இருக்காங்க."

"ரெண்டும் ஒண்ணா இருக்கணும், ஒண்ணா இருக்கணும்னே காலையிலேருந்து மண்டையை உடைச்சிக்கிட்டு இருந்தேன் சார்."

"தனித்தனியா வந்து ஒண்ணா இருக்கணும்மா." அவர் குரலை உயர்த்தவில்லை. "கோப்பு நாளைக்கு வேற எதுக்காவது கெட்டுப்போச்சுன்னா, திரையும் அதே பொய்யைச் சொல்லும். இவங்க சரி, சரின்னு கலந்துக்கிட்டே போவாங்க. காலையில கை தூக்கினாங்களே, அது மாதிரி இனிமே யாரும் தூக்க மாட்டாங்க."

பொய்ச் சீட்டைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பார்த்தவர் லேபிள் அக்கா. அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். கோளாறை விரட்டும் வேகத்தில் அது மறந்துபோயிருந்தது.

நாத்தனார் ஊசியைக் கீழே வைத்தார். அண்ணி கண்ணாடித் தடுப்பில் விரலால் தட்டினார். "ஏய். ஒண்ணும் ஆகல. இறங்கலல்ல? இறங்கல. மூச்சை விடு."

மணி பன்னிரண்டு நாற்பது.

"இன்னொரு வழி இருக்கு" என்றார் லேபிள் அக்கா. "நிரலை ரெண்டாக் கிழிச்சிடலாம். ஒண்ணு திரைக்கு மட்டும். ஒண்ணு கோப்புக்கு மட்டும். ரெண்டும் குறிப்பைத் தனியா வாங்கி, தனியாக் கணக்குப் போடும். ஒண்ணோட வாளியை இன்னொண்ணு தொடாது."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்."

"இல்ல."

"முப்பத்தஞ்சு நிமிஷம். ஆனா இன்னொரு ஜோடிக் கண்ணு வேணும்."

மருந்தாளுநர் அறையின் மறுகோடியில் சும்மா கிடந்த இரண்டாவது கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். வருடத்தில் நாலு நாள்தான் அது பயன்படும். "மாடியிலேருந்து ரெண்டு பேரைக் கூப்பிட்டு ரெண்டு தடுப்புலயும் கலந்தா மூணு மணி நேர வேலை ரெண்டு மணி நேரத்துல முடியும். ஒண்ணே முக்கால் வரைக்கும் உங்களுக்கு." அண்ணியின் பக்கம் திரும்பினார். "நீங்க போங்க அக்காகூட."

ஏன் இன்னொரு ஜோடிக் கண் என்பதை அறைக்குப் போகும் வழியிலேயே லேபிள் அக்கா சொன்னார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், சமையலறை மேசையில் எழுதிய காலத்தில், அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சில வரிகள் கணக்கையும் போடும், திரையிலும் எழுதும், இரண்டையும் ஒரே மூச்சில். பாஸ்பேட்டும் கால்சியமும் எல்லை மீறினால் பைக்குள் சுண்ணாம்புபோல் கட்டி விழும். அந்த எல்லையைப் பார்க்கிற வரிதான் எச்சரிக்கையையும் எழுதுகிறது. எச்சரிக்கையை வெட்டுகிறேன் என்று வரியை வெட்டினால் எல்லையும் போய்விடும். காலையில் அவசரமாக முடக்கியபோதும் அது போய்த்தான் இருந்தது; வியாழக்கிழமை யாரும் எல்லை மீறாததால் தெரியவில்லை.

"எனக்குக் கணினி தெரியாதேக்கா."

"தெரிய வேணாம். நான் வெட்டற வரியை நீ சத்தமாப் படி. அதுல சமம்ங்கிற குறி இருந்தா, 'தூக்கு கையை'ன்னு சொல்லு."

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். புரியாத மொழியின் வரிகளை எழுத்துக் கூட்டி, எண்களைப் படிக்கிற அதே ராகத்தில் படித்தார். லேபிள் அக்கா வெட்டினார். கோப்பு நிரலில் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். நாற்பதாவது வரியில் முதல் முறை "தூக்கு கையை." லேபிள் அக்கா நிஜமாகவே விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் தூக்கினார். அந்த வரியை வெட்டாமல் இரண்டாகப் பிரித்தார். கணக்கு இருந்தது, பேச்சு போனது. மொத்தம் ஒன்பது முறை கை தூக்கினார். ஆறாவது முறை, அண்ணி சொல்லியிராவிட்டால், பாஸ்பேட் எல்லை போயிருக்கும்.

"இவ்வளவு விஷயம் தெரிஞ்சவங்க இப்படியா ஒரே வரியில குப்பையையும் சாமானையும் கலந்து வைப்பீங்க?" என்றார் அண்ணி.

"அப்ப எம் பொண்ணு கரண்டியை விழுங்கப் பாத்துக்கிட்டு இருந்தா. நீ அடுத்த வரியைப் படி."

ஒன்று இருபத்தைந்துக்கு இரண்டு நிரல்களும் தயார். வியாழக்கிழமையின் குறிப்புகளை இரண்டிலும் ஓட்டினார்கள். திரையைப் பதிவேட்டோடு அண்ணி ஒப்பிட்டார். கோப்பைப் பதிவேட்டோடு லேபிள் அக்கா ஒப்பிட்டார். பிறகு இருவரும் இடம் மாறி மறுபடி ஒப்பிட்டார்கள். எச்சரிக்கைகளை நூறாக்கி ஓட்டினார்கள். கோப்பு அசையவில்லை. ஒன்று நாற்பத்தொன்றுக்கு அண்ணி ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

இரண்டு தடுப்புகளிலும் ஒரே சமயத்தில் வேலை நடந்தது. மாடியிலிருந்து வந்த இருவருக்கு வாசிப்பு முறை தெரியும், ஆனால் வேகம் வராது. மருந்தாளுநர் இரண்டு தடுப்புக்கும் நடுவில் நின்றார். ஒன்பதாம் எண்ணின் பன்னிரண்டு வரிகளையும் லேபிள் அக்கா கதவுக்கு வெளியே நின்று காதால் கேட்டார். கால்சியம் இரண்டு புள்ளி ஒன்று, சரி. பை மூடப்பட்டது. அடுத்தது ஆறாம் எண்.

"மக்னீசியம்."

"புள்ளி ஒன்பது."

"தூக்கு கையை! புள்ளி நாலு."

நாத்தனார் கைகளைத் தூக்கியபடி மருந்தாளுநரைப் பார்த்தார். அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் குனிந்து லேபிளைப் பார்த்தார். லேபிள் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"நான்தான்" என்றார். "பொய்ச் சீட்டு."

"சார், உங்களுக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா?" என்றார் நாத்தனார்.

"இருக்கறதாலதான்மா."

மூன்று நாற்பத்திரண்டுக்குப் பதினொரு பைகளும் தள்ளுவண்டியில் ஏறின. சேவை லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றுகொண்டிருந்தது. அண்ணியும் நாத்தனாரும் ஆளுக்கு ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். மூன்று ஐம்பத்தாறுக்கு மேலேயிருந்து தொலைபேசி வந்தது. சிஸ்டர்.

"ஒன்பதாம் நம்பருக்கு மாட்டியாச்சு. மத்ததும் மாட்டிக்கிட்டு இருக்கோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "காலையில கத்திட்டேன்."

"பரவாயில்ல சிஸ்டர்" என்றார் மருந்தாளுநர்.

"பரவாயில்லன்னு நீங்க சொல்லக்கூடாது. பையை நிறுத்தினது நீங்க. நான்தான் சொல்லணும்" என்று வைத்துவிட்டார்.

லேபிள் அக்கா தன் அறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். காலையில் எழுதிய நிரலை, கோப்பைப் படித்துத் திரையில் காட்டுகிற அந்த அழகான சின்ன நிரலை, கணினியிலிருந்து அழித்தார். யாராவது சுலபமாக இருக்கிறதே என்று எடுத்து ஓட்டிவிடக்கூடாது. பதிவேட்டில் அன்றைய லேபிள்களை ஒட்டினார். தப்பு வந்த முதல் லேபிளையும் ஒட்டி, அதன்மேல் சிவப்பில் குறுக்குக் கோடு போட்டு, நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டார். கம்பைலர் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தப்பை வரவழைக்கும் சின்ன நிரல் ஒன்றையும் சேர்த்து அனுப்பினார். பட்டியலில் நூற்று எழுபதாவது இடத்தில் இருக்கும் இந்தக் குறையை மேலே கொண்டுவரும்படி கேட்டிருந்தார். குழந்தைகளைப் பற்றி ஒரு வரி எழுதி, பிறகு அதை எடுத்துவிட்டார். அது புகாருக்கு வேண்டாத விவரம் என்று நினைத்தார். கொஞ்ச நேரம் யோசித்து, திரும்பவும் சேர்த்தார்.

கிளம்பும்போது மருந்தாளுநர் ஒரு விதியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். திரை நிரலையும் கோப்பு நிரலையும் ஒரே ஆள் ஓட்டக்கூடாது. நாலு மூலைக்கும் ஒட்டுநாடா.

புதன்கிழமை காலை எட்டரைக்கு மேலேயிருந்து குறிப்புகள் வந்தன. பன்னிரண்டு குழந்தைகள். ஒன்பதாம் எண்ணின் எடை எழுநூற்று ஐம்பத்திரண்டு கிராம் என்று இருந்தது. லேபிள் அக்கா கோப்பு நிரலை ஓட்டினார். அண்ணி திரை நிரலை ஓட்டினார்.